மொக்கம்மாள் அறுத்த காப்பு

போடிக்குப் போய்விட்டுக் கொழும்புக்குக் கப்பலேறி வந்த ராஜாராம்தான் அதை முதலில் சொன்னான். அவனும் நேரில் பார்த்தவன் இல்லை. உசிலம்பட்டியில் பஸ்சு நின்றபோது முன்சீட்டுக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்ததைக் காதில் வாங்கியவன். மொக்கம்மாள் திருவிழா முடியுமுன்னே கையில் கட்டிய காப்பை அரிவாள்மனையில் வைத்து அறுத்துப் போட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டாளாம். போகும்போது கோயிலைப் பார்த்துச் சிரித்தாளாம்.

கொழும்பு புறக்கோட்டையில் எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துகள்மேல் சிங்களக் கும்பல்கள் தார் பூசியிருந்தன. இலையில் விழுந்த சோற்றை நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“சிரிச்சாளா?” என்று கேட்டேன்.

“சொன்னாக. நான் என்னத்தக் கண்டேன்” என்றான் ராஜாராம். ரசத்தை ஊற்றிக்கொண்டபின் மெதுவாகச் சேர்த்தான். “ஒங்க வீட்டு நேர்த்திக்குக் கட்டுன காப்பாம்ல மாப்ளே. ஒன்னயக் காப்பாத்தச் சொல்லிக் கட்டுனதாம்.”

சித்திரையில் எங்கள் ஊரில் அம்மனுக்குத் திருவிழா சாட்டியதும், தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களின் மணிக்கட்டில் பூசாரி மஞ்சள் கயிறு கட்டுவார். அதுதான் காப்பு. கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. உப்பில்லாமல் ஒரு வேளைச் சோறு, தரையில்தான் படுக்கை, தலைக்கு எண்ணெய் கிடையாது. சட்டியை இறக்கி, பூசாரியே கயிற்றை அவிழ்க்கும்வரை அந்த உடம்பு அம்மனுடையது. அதை இடையில் அறுத்தவர் என்று ஒருவரைப்பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அதிலும் மொக்கம்மாள்.

மொக்கம்மாள் எங்கள் கடையில் காய் பொறுக்கினாள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் ஏலக்காயைச் சுளகில் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் தள்ளி, பருத்த பச்சைக் காயைத் தனியே சேர்ப்பது அந்தப் பெண்களின் சோலி. கடையின் பின்கட்டில் ஒரு நீண்ட அறை. காயின் நிறம் போய்விடக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்தே வைத்திருப்பார் என் அப்பா சத்தியநேசன். அந்தத் தூசியில் எல்லோருக்கும் இருமல் உண்டு. அதனால் யாருடைய இருமலையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவள் புருஷன் சுருளிவேல் மலைமேல் ஒரு எஸ்டேட்டில், பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அடுப்பெரித்தவர். யுத்தம் முடிந்த வருஷம் சித்திரையில், மொக்கம்மாள் தன் வீட்டுக்காக முதல்முறை காப்புக் கட்டியிருந்தாள். அப்போது அவருக்குக் குளிர்காய்ச்சல் என்று லோடு இறக்க வந்தவர்கள் சொன்னார்கள். பயப்படுகிற மாதிரி இல்லை, நல்லா இருக்காரு என்றும் சொன்னார்கள். அவள் கிளம்பத் துடித்தாள். தேவாரம் ஊருக்கு மேலே மலைப்பாதை ஏறினால் ஒரே பகலில் போய்விடலாம். ஆனால் கையில் காப்பு. எல்லையைத் தாண்டினால் அவருக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாள். போகாமல், இருந்த ஒரு வேளைச் சோற்றையும் நிறுத்திவிட்டு அம்மன் வாசலிலேயே உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் தலை சுற்றி விழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரி பழஞ்சோற்று நீச்சத்தண்ணி கொடுத்திருக்கிறாள். மொக்கம்மாள் ஒரு செம்பு குடித்திருக்கிறாள். மறுநாள் சுருளிவேலை மலையிலிருந்து கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும், போயிருக்க வேண்டும், போகாமல் விட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொண்டிருக்கும். மொக்கம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு செம்புத் தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று முடிவு செய்துகொண்டாள். தன் வயிற்றைக் கவனித்தாள். அந்த நேரத்தில் அம்மன் கையை விட்டுவிட்டாள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு அவள் அடுத்தவர்களுக்காகச் சட்டி எடுக்க ஆரம்பித்தாள். நேர்ந்துகொண்டு முடியாமல் போனவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், படுக்கையில் கிடப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சரி என்பாள். ஒரு சித்திரையில் ஒரு சட்டி என்பது போய், ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததை ஏந்துவாள். செவ்வாய், வெள்ளி விரதம் வருஷம் முழுக்க நீண்டது. உப்பு அநேகமாக நின்றேவிட்டது. மத்தியானம் மற்றப் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது அவள் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போவாள். “நல்லாத் தின்னு ஆத்தா, காத்துல பறந்துறப் போற” என்று சின்னப்பெண்களைக் கேலி செய்வாள். அப்படிச் சொல்பவளின் கழுத்தெலும்பில் ஒரு கை ஏலக்காய் கொட்டி வைக்கலாம் என்று அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்வரிசை. ஆனாலும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டைபாய்டில் கிடந்து டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்று, என் அம்மா ஜெயபாக்கியம் பின்வாசல் வழியாக மொக்கம்மாளைக் கூப்பிட்டனுப்பினாள். ஜெபமும் நிற்கவில்லை. இது அதற்கு மேல் ஒரு தாங்கல். அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைத்தாள். தெரிந்ததாக அப்பா காட்டிக்கொள்ளவில்லை.

“உங்க சாமிக்குத் தெரியாம எங்க சாமிகிட்டக் கைமாத்து வாங்குறீக” என்று மொக்கம்மாள் சிரித்தாளாம்.

“சத்தம் போடாத மொக்கம்மா, முன்னாடி பாஸ்டர் உக்காந்திருக்காரு.”

நான் பிழைத்தேன். அந்தச் சித்திரையில் எனக்காக அவள் ஏந்திய சட்டியை மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். எலும்பான இரண்டு கைகளுக்கு நடுவே தீ எரிந்துகொண்டு போனது. அந்த முகத்தில் வலி தெரியவில்லை. எனக்கு ஏனோ பயமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

இருமலில் ரத்தம் இருந்ததைக் கண்டுபிடித்தது என் தங்கை லில்லி. அவள் நர்சு படிப்பு முடித்து, போடியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். சுளகில் விழுந்த சிவப்பை மொக்கம்மாள் வெற்றிலை என்றாள். அவள் வெற்றிலை போட்டு யாரும் பார்த்ததில்லை. லில்லி தெர்மாமீட்டரை வாயில் வைத்தாள். மதுரைக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்தாள். சயரோகம். மதுரைக்குப் பக்கத்தில் அதற்கென்று உள்ள ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்துவிட்டு, கட்டில் காலியாகும்வரை ஊசி போடுகிறேன், நீ சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றாள். ஊசிக்கு மொக்கம்மாள் கையை நீட்டினாள். சாப்பாட்டுக்குத்தான் சண்டை.

“ஒடம்ப இந்தப் பாடு படுத்திட்டு என்ன சாமி கும்புடுற நீ?”

“ஒடம்பப் பாத்துக்கிட்டு இருந்தா சாமி எங்கிட்டு வரும் தாயி? அன்னைக்கு ஒரு செம்பு நீச்சத்தண்ணி குடிச்சேன். என்னா ஆச்சு?”

“அதக் குடிக்காட்டி மலையில கொசு கடிக்காம இருந்திருக்குமாக்கும்?”

மொக்கம்மாள் சுளகை எடுத்துத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்று லில்லி எழுதியிருந்தாள்.

இந்த வருஷம் பங்குனியில் இங்கே தார் பூசிய கதை ஊர்ப் பத்திரிகைகளில் வந்தது. பிழைக்கப் போனவர்களை அடித்து விரட்டப் போகிறார்கள் என்று போடிக் கடைத்தெருவில் பேச்சு. சித்திரையில் திருவிழா சாட்டியதும் அம்மா மறுபடியும் பின்வாசலைத் திறந்தாள். நெஞ்சுப்படம் எடுத்த விஷயம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெற்ற வயிறு. மொக்கம்மாள் முன்னால் நின்று, எம்மகன் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கான் என்று மட்டும் சொன்னாளாம். மொக்கம்மாள் அன்றைக்கே வீரணன் பூசாரியிடம் போய்க் கையை நீட்டிவிட்டாள். லில்லி டிஸ்பென்சரியிலிருந்து திரும்பியபோது மஞ்சள் கயிறு ஏறிவிட்டிருந்தது. அன்று அம்மாவுக்கும் லில்லிக்கும் நடந்த சண்டையில் அப்பா கடையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே கட்டில் காலி என்று தகவல் வந்தது. உடனே வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

லில்லி பூசாரியிடம் ஓடினாள். வீரணன் கெட்ட மனிதர் இல்லை. மொக்கம்மாளின் இருமல் கோயிலுக்குள் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். “கட்டுனது நான். அவுக்க எனக்கு அதிகாரம் இல்ல தாயி. ஆத்தாகிட்டக் கேப்போம்” என்றார். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் போகலாம். விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. மொக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காய் பொறுக்க வந்துவிட்டாள். லில்லிக்குத்தான் தூக்கம் போயிற்று.

தீச்சட்டிகள் வந்து இறங்கிய நாளில்தான் அது நடந்தது. குயவர் கொண்டுவந்து அடுக்கும் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது வருஷாவருஷம் மொக்கம்மாளின் வேலை. கணீரென்று பேசினால் இந்தப் பக்கம். மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது; அது அந்தப் பக்கம். அன்றும் தட்டிக்கொண்டிருந்தாள். லில்லி பக்கத்தில் நின்று கட்டிலைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டியைத் தட்டிய மொக்கம்மாள், “இது ஆகாது. ஓட்டச் சட்டியில ஆத்தாவ ஏந்தக் கூடாது, பாதித் தெருவுல கொட்டிருவா” என்று குயவரிடம் திருப்பிக் கொடுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நெடுநேரம் நிற்கவில்லை. நின்றபோது முந்தானை சிவந்திருந்தது.

அவள் முந்தானையைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தட்டிய அதே விரலை மடக்கித் தன் நெஞ்சில் தட்டினாள். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள்.

“லில்லி தாயி, இது எந்தப் பக்கம்?”

எத்தனையோ வாதம் பேசிய லில்லி குனிந்து அவள் முந்தானையின் சிவந்த முனையை மடித்தாள்.

“இத்தன வருசமா இதுலயா தாயி அவள ஏந்திக்கிட்டுத் திரிஞ்சேன்?” என்றாள் மொக்கம்மாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கோயில் படியில் அரிவாள்மனையை வைத்து, கயிற்றைத் தானே அறுத்தாள். அறுத்ததை மஞ்சள் தடவிய இலையில் மடித்துப் படியிலேயே வைத்தாள். “ஒன்னய விட்டுட்டுப் போகல ஆத்தா. சட்டியச் சரி பண்ணிட்டு வாறேன்” என்று சொன்னது லில்லிக்குக் கேட்டது. தெருவே திரண்டு நின்றது. சிரித்தாளா என்று நான் பிறகு கேட்டபோது லில்லி கோபப்பட்டாள். மூச்சு வாங்கியது அண்ணே, வாயைத் திறந்து திறந்து மூடினாள், பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ என்றாள்.

மதுரையில் அந்தக் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். பூக்கேட்ட நாட்களில் அது கைமாறிவிட்டது. டாக்டர் மறுபடி படம் எடுத்து லில்லியிடம் மட்டும் காட்டினார். இரண்டு பக்கமும் பரவியிருந்தது. ஊசியை நிறுத்தவேண்டாம், பால், முட்டை, நல்ல ஓய்வு, அடுத்த கட்டில் காலியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

திரும்பி வந்தால் தெரு அவளை ஏற்கவில்லை. அதற்குள் இரண்டு வீட்டில் அம்மை வார்த்திருந்தது. காரணம் யார் என்று யாரும் தேடவேண்டியிருக்கவில்லை. என் அப்பாதான் கடையின் பின்னால் சாக்கு அடுக்கும் அறையைக் காலி செய்து, ஒரு கயிற்றுக் கட்டில் போடச் சொன்னார். அம்மா அவளோடு பேசவில்லை. ஆனால் காலையும் மாலையும் பால் மட்டும் வாசற்படியில் வந்து இருந்தது.

மொக்கம்மாளின் வாழ்க்கையில் அவள் தன்னைக் கவனித்துக்கொண்டது அந்தக் கொஞ்ச நாள்தான். லில்லி அப்போது எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகமும் சந்தோஷமுமாக இருந்தது. தலையில் எண்ணெய் வைக்க விட்டாளாம். கட்டிலில் படுக்க முதல்நாள் கூச்சப்பட்டு, பிறகு பகலிலேயே தூங்கினாளாம். தட்டை நெற்றிவரை தூக்கி, ஆத்தா ஒனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாயாக, காய் பொறுக்குகிற அதே நிதானத்தில் தின்றாளாம். முன்பு பட்டினியில் செய்ததை இப்போது சோற்றில் செய்தாள். உப்புப் போட்ட சோறு தின்ற முதல்நாள் சொன்னாளாம், “இதுல இம்புட்டு ருசியா ஆத்தா ஒக்காந்திருக்கா, நான் அவள வெளிய தேடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு.” இருமல் குறையவில்லை. காய்ச்சல் தினமும் சாயங்காலம் வந்தது. ஆனால் முகம் மாறியது என்று எழுதியிருந்தாள் லில்லி.

வைகாசியில் இங்கே கலவரம் வெடித்தது. ரயிலை மறித்து அடித்தார்கள், கடைகளைக் கொளுத்தினார்கள். நாங்கள் மெஸ்ஸின் பின்னறையில் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தோம். ராஜாராமுக்கு மண்டையில் காயம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் அடங்கியதும் நலம் என்று தந்தி கொடுத்தேன். ஆனால் தந்திக்கு முன்னால் பத்திரிகை போய்விட்டது.

நேற்று லில்லி டிரங்க் கால் போட்டு ஆபீஸுக்கே கூப்பிட்டாள். கடல் இரைவதுபோல் ஒரே இரைச்சல். பத்திரிகை வந்த அன்று அம்மா பால் டம்ளரோடு சாக்கு அறைவரை போய், படியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாளாம். எம்பிள்ளைக்குக் கட்டுன காப்பத்தான அறுத்த என்று ஒரே வார்த்தை. பிறகு டம்ளரை வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். மொக்கம்மாள் அந்தப் பாலைத் தொடவில்லை. அன்றிலிருந்து எதையுமே தொடவில்லை. கட்டிலை விட்டு இறங்கித் தரையில் படுத்துவிட்டாள். ஊசிக்குக் கையை நீட்டவும் மறுத்துவிட்டாள்.

“தந்தி வந்துச்சுல்ல? படிச்சுக் காட்டலையா?”

“அம்மாவே போயி வாசிச்சா அண்ணே. கையப் பிடிச்சு அழுதா. நம்ப மாட்டேங்குறா. அவ புருஷனையும் நல்லா இருக்காருன்னுதான் சொன்னாகங்குறா.” லில்லியின் குரல் இரைச்சலில் போய்ப்போய் வந்தது. “நான் தின்னேன்ல தாயி, நான் தின்னேன்லன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா.”

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

“நீ பேசணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைக்குப் போடு. நானும் அப்பாவும் அவளத் தூக்கிட்டு வந்து போனுக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறோம். ஒன் குரலக் கேட்டா ஒருவேள ஒரு வாய்…” அங்கே நேரம் முடிந்து இணைப்புப் போய்விட்டது.

இன்று காலையிலேயே மேனேஜரிடம் போய் நின்றேன். இங்கிலீஷில் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். ஆனாலும் காப்பையும் செம்பு நீச்சத்தண்ணியையும் அந்த மொழியில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஊரில் ஒரு பெண் நோயாளி, நான் பேசினால் சாப்பிடுவாள் என்றேன். உறவா என்றார். இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன். அவர் போனைத் தன் பக்கத்திலிருந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என்ன சொல்வது என்று நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். மொக்கக்கா, நான்தான், முழுசாக இருக்கேன், இப்பத்தான் சாப்பிட்டேன், நீயும் சாப்பிடு. அவ்வளவுதான். அவள் கேட்கிற பாஷையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இப்போது தின்பதால் யாரும் சாகமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும் என்றிருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஐந்து மணிக்கு எக்ஸ்சேஞ்சுக்காரி இணைப்புக் கொடுத்தாள். போடியில் மணி அடிக்க ஆரம்பித்தது. அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் மேஜையில், தராசுக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து பொறுக்கும் அறைக்கு ஒரு கதவு. அதைத் தாண்டினால் சாக்கு அறை. எந்த மூலையில் இருந்தாலும் மணி கேட்கும். வேலை நாளில், சாயங்காலத்தில், எங்கள் கடை ஆளில்லாமல் கிடந்து நான் பார்த்ததில்லை. தெருவில் சாவு விழுந்தால் மட்டும் அப்பா எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பூட்டுவார்.

எடுக்கவில்லையே, துண்டித்துவிடட்டுமா என்று எக்ஸ்சேஞ்சுக்காரி கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்றேன். தூக்கிக்கொண்டு வர நேரமாகும், அவளால் நடக்கமுடியாது என்றும் சொன்னேன்.

அவள் சரி என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.